வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி ஒரே குழுவாக வேலை செய்வதும் கற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர், தூத்துக்குடி, சென்னை, லண்டன் என நான்கு ஊர்களில் பிரிந்திருந்து சரக்குக் கப்பல் ஆவணங்களைத் தயாரிக்கும் சிறு குழு ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து ஒருங்கிணைத்து வருகிறேன். இதேபோல் பல ஊர்களில் ஆள் வைத்துத் தொழில் நடத்தும் நண்பர்களும், தொண்டூழியக் குழுக்களை நடத்துவோரும், இணையத்தில் துணைப்பாட வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, நான் சொல்லிவரும் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்தக் கருவியை முதலில் வாங்க வேண்டும்?

முதலில் எதையும் வாங்க வேண்டாம். உங்கள் குழுவில் ஒரு முடிவு எடுக்கப்பட்டால் அது எங்கே பதிவாகிறது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் வாட்ஸ்அப் என்பார், இன்னொருவர் மின்னஞ்சல் என்பார், மூன்றாமவர் "நேற்றுப் பேசும்போது சொன்னார்களே" என்பார். அப்படியிருந்தால், உங்களுக்குப் பேசுவதற்கான கருவிகள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கின்றன, வைத்துக் காப்பதற்கான இடம்தான் இல்லை என்று பொருள்.

ஒரே அறையில் இருக்கும் குழுவுக்கு இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. பக்கத்து மேசையில் இருப்பவர் தொலைபேசியில் பேசுவது காதில் விழும், கரும்பலகையில் எழுதியது கண்ணில் படும், தேநீர் குடிக்கப் போகும்போது மீதி தெரிந்துவிடும். பிரிந்திருக்கும் குழுவுக்கு இந்த வழிகள் எதுவும் கிடையாது. எழுதி வைத்தது மட்டுமே அந்தக் குழுவுக்குத் தெரிந்தது என்பதை நான் பல ஆண்டுப் பட்டறிவில் உறுதியாகச் சொல்வேன். ஆகவே பலரும் ஒரே நேரத்தில் திறந்து திருத்தக்கூடிய ஆவணமும் விரிதாளும்தான் முதல் தேவை. உங்கள் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகல் வொர்க்ஸ்பேஸ் ஏற்கெனவே வைத்திருந்தால் அதுவே போதும். தொண்டூழியக் குழுவாக இருந்தால், 15 ஜிபி இடம் தரும் இலவசக் கூகல் கணக்கில் தொடங்கலாம்.

இந்த ஆவணங்களில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு வசதி, பழைய வடிவங்களைப் பார்க்கும் வசதியாகும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அதில் தெரியும், வேண்டுமென்றால் முந்தைய வடிவத்துக்கே திரும்பலாம். எங்கள் கோப்புறையில் ஒரு காலத்தில் "இறுதி", "இறுதி 2", "இறுதி திருத்தியது" என்று ஒரே பட்டியலுக்கு மூன்று கோப்புகள் இருந்தன. அந்த மூன்றையும் மூடிவிட்டு ஒரே கோப்பாக்கிய நாளிலிருந்து, "எது சரியான பட்டியல்?" என்ற தொலைபேசி அழைப்பு நின்றுவிட்டது.

எல்லாருக்கும் வாட்ஸ்அப் தெரியும். ஒரு குழுவைத் தொடங்கி அதிலேயே எல்லாவற்றையும் நடத்தினால் என்ன?

வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், எந்த ஊரிலும் எந்தக் கைப்பேசியிலும் அது இயங்கும், பயிற்சி தேவையில்லை. அவசரத்துக்கு ஆளைக் கூப்பிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் வந்த செய்தி வந்த வேகத்திலேயே மேலே போய்விடும் என்பதால், வேலையை அதில் நடத்துவது ஆபத்தானது. எங்களுக்கு நேர்ந்ததை விளக்கமாகவே சொல்கிறேன்.

கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு கொள்கலனுக்கும் சரிபார்க்கப்பட்ட மொத்த எடையைக் கொடுத்தாக வேண்டும் என்ற அனைத்துலக விதி 2016 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. எங்கள் தொழிலில் அதை விஜிஎம் என்போம். ஒரு நாள் மாலை 6.50 மணிக்கு, ஒரு கொள்கலனின் எடை மாறியிருப்பதாக வாடிக்கையாளர் சிங்கப்பூர் அலுவலகத்துக்குத் தெரிவித்தார். எங்கள் சக ஊழியர் உடனே, பொறுப்பாகத்தான், புதிய எடையைக் குரல் பதிவாகப் பேசிக் குழுவில் அனுப்பினார். தூத்துக்குடியில் அப்போது மணி 4.20. அங்கே பொறுப்பில் இருந்தவர் கொள்கலன்களை அடுக்கி வைக்கும் யார்டில் லாரிச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். அன்று குழுவில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்பதால், வாழ்த்துகளும் கேக் படங்களும் அந்தக் குரல் பதிவை மேலே தள்ளிவிட்டன. பழைய எடையே பதிவாகி, விவரங்களை ஒப்படைப்பதற்கான கடைசி நேரமான கட்-ஆஃப் முடிந்து, எடைமேடைக் கணக்கும் ஆவணமும் ஒத்துப்போகாமல் கொள்கலன் கரையிலேயே நின்றுவிட்டது. அடுத்த கப்பலுக்கு ஆறு நாள் காத்திருந்தோம்.

அந்த இரவு யாரும் சோம்பி இருக்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் மனத்தை அதிகம் வருத்தியது. சொன்னவர் சொல்லிவிட்டதாக நினைத்தார், கேட்க வேண்டியவர் அப்படியொரு செய்தி வந்ததையே அறியவில்லை. மறுநாளே ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம்: எடை, தேதி, பணம் ஆகிய மூன்றில் எது மாறினாலும் அது பொது விரிதாளில் அந்தக் கொள்கலனுக்குரிய வரியில் எழுதப்பட வேண்டும், மாற்றத்தைக் கேட்டறிந்தவரே எழுத வேண்டும், பார்த்தவர் பக்கத்துக் கட்டத்தில் தம் பெயரின் முதலெழுத்தை இட வேண்டும். வாட்ஸ்அப்பில் "14ஆம் வரியைப் பாருங்கள்" என்று மட்டும் அனுப்புவோம். பிறந்தநாள் வாழ்த்துக்குத் தனிக் குழு தொடங்கினோம். அதை மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது நான் உடன்படவில்லை, ஏனென்றால் தொலைவில் இருப்பவர்களுக்கு அந்தக் கேக் படமும் தேவை.

ஸ்லாக், டீம்ஸ் போன்ற செயலிகளில் பேச்சைத் தலைப்புவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு செய்திக்கும் கீழேயே பதில் எழுத முடியும் என்பதால் இந்தச் சிக்கல் குறைகிறது. எனினும் முடிவுகளை எழுதி வைக்கும் பழக்கம் இல்லாத குழு, செயலியை மாற்றினாலும் அங்கேயும் அதே குழப்பத்துக்குத்தான் ஆளாகும்.

நேர வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது?

இந்தியாவும் இலங்கையும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது, அதற்கு முன் இந்த இடைவெளி இரண்டு மணி நேரமாகவே இருந்தது. இன்றைய கணக்கில், தூத்துக்குடி அலுவலகம் காலை 9.30க்குத் திறக்கும்போது இங்கே நண்பகல் ஆகிவிடும், நாம் மாலை 6 மணிக்கு வேலையை முடித்து எழும்போது அங்கே பிற்பகல் 3.30தான். இரு பக்கத்து உணவு இடைவேளைகளையும் கழித்தால் சேர்ந்திருக்கும் நேரம் நான்கு மணி நேரம் தேறும். லண்டன் சேர்ந்தால் கணக்கு இறுகிவிடும். குளிர்காலத்தில் அங்கே காலை 9 மணி என்பது நமக்கு மாலை 5 மணி, ஆக மூன்று ஊரும் சேர்ந்து கிடைக்கும் நேரம் ஒரே ஒரு மணி நேரம். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரம் மாறி, அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அது இரண்டு மணி நேரமாகிறது. அமெரிக்காவில் கடிகாரம் மாறும் நாள்கள் வேறு என்பதால், அங்கும் ஆள் இருந்தால் ஆண்டுக்கு இருமுறை சில வாரங்கள் கூடுதல் கவனம் வேண்டும்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, எல்லாரும் சேர்ந்திருக்கும் அந்த அரிய நேரத்தை அறிக்கை வாசிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பதாகும். நேற்று என்ன நடந்தது என்பதை ஒவ்வொருவரும் வேலையை முடித்துக் கிளம்புமுன் ஐந்து வரியில் எழுதிவிடலாம், மற்றவர் தம் காலைத் தேநீரோடு படித்துக்கொள்வார். கருத்து வேறுபாடு உள்ள விஷயத்தையும் யாரும் தனியாகத் தீர்க்க முடியாத சிக்கலையும் மட்டும் நேரடிப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "இன்று மாலைக்குள்" என்று எழுதாமல், "வியாழன், சிங்கப்பூர் மாலை 5.00, இந்தியா பிற்பகல் 2.30" என்று எழுதுங்கள்.

விடுமுறைகளையும் மறக்க வேண்டாம். பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் சில நாள்கள் தொடர்ந்து அலுவலகம் இருக்காது, சிங்கப்பூரில் அது பொது விடுமுறையன்று. சீனப் புத்தாண்டின் இரண்டு நாள்கள் நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை நாள்கள். இரு நாட்டு நாள்காட்டிகளையும் பொது நாள்காட்டியில் ஆண்டுத் தொடக்கத்திலேயே பதிந்துவிட்டால், ஊரில் பொங்கல் பானை பொங்கும் நேரத்தில் நாம் அவசர அழைப்பு விடுக்கும் நிலை வராது.

காணொளிக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிவிடுகிறோம், பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் அமைதியாகிவிடுகிறோம். ஏன்?

நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி மிகவும் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று காட்டியது. இணையத்தில் ஒலி போய்ச் சேரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிட்டால், நாம் அமைதி என்று நினைத்துப் பேசத் தொடங்கும் நொடியில் எதிர்முனையில் இருப்பவரும் தொடங்கியிருப்பார். ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது.

இதில் தூரத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம், கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும், ஆக வங்காள விரிகுடாவைக் கடக்க அதற்கு 16 மில்லி நொடி போதும். மீதித் தாமதம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் சேர்கிறது: இரண்டு சுவர் தாண்டிய வைஃபை, அதே நேரத்தில் படம் பார்க்கும் பிள்ளைகள், பழைய புளூடூத் காதொலிக்கருவி. கம்பி வழியாக இணைத்துப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும். அதோடு, கூட்டத்தை நடத்துபவர் "யாராவது ஏதாவது சொல்கிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்காமல், பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கூச்சமுள்ளவர்களுக்கும் வயதில் இளையவர்களுக்கும் நம்மவர்களின் கூட்டங்களில் தாமாகப் பேச வாய்ப்புக் கிடைப்பது அரிது, பெயர் சொல்லி அழைத்தால் அவர்களும் பேசுவார்கள்.

கேமராவைக் கட்டாயமாக்கலாமா?

கூடாது என்பது என் கருத்து. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021இல் எழுதிய கட்டுரையில், காணொளிக் கூட்டச் சோர்வுக்கு நான்கு காரணங்களைச் சுட்டினார்: மிக நெருக்கத்தில் பல கண்கள் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்ப்பது, அசையாமல் ஓரிடத்தில் இருப்பது, சைகைகளை அனுப்பவும் புரிந்துகொள்ளவும் மனம் கூடுதலாக உழைப்பது. புதியவரை அறிமுகப்படுத்தும்போதும் மனத்தாங்கலைப் பேசித் தீர்க்கும்போதும் முகம் தெரிவது நல்லது. மற்ற நேரங்களில் ஆவணத்தைத் திரையில் காட்டிக் குரலில் பேசினால் போதும். நம் முகம் நமக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி ஸூமிலும் உண்டு, அதை அழுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள்.

தொலைவில் இருக்கும் புதிய ஊழியருக்கு வேலையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன், ஏனென்றால் பல குழுக்கள் கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டன, கற்றுக்கொடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

தொலைவிலிருந்து கற்பது புதிதன்று. ஆஸ்திரேலியாவின் பாலைநிலப் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகள் பல பத்தாண்டுகளாகவே வானொலி வழியாகப் பாடம் கற்றனர். அப்படிப் படித்த ஒருவர்தான் மார்ட்டின் டூகியாமஸ். அவர் பின்னாளில் உருவாக்கி, 2002இல் முதல் வடிவத்தை வெளியிட்ட மூடுல் என்ற இலவசக் கற்றல் தளம் இன்று உலகெங்கும் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயன்படுகிறது. பக்கத்தில் ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு என்ன தேவை என்பதை வாழ்ந்து அறிந்தவரிடமிருந்து அந்தத் தளம் வந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

எங்கள் குழு சிறியது, ஆகவே முழுத் தளம் ஒன்றை நிறுவவில்லை. செய்வது இதுதான்: வேலை தெரிந்தவர் தம் திரையைப் பதிவு செய்தபடி, ஒரு பணியை வழக்கம்போல் செய்துகொண்டே தமிழில் விளக்குவார். ஒரு பதிவு ஐந்து நிமிடத்தைத் தாண்டாது, தாண்டினால் அதில் இரண்டு பணிகள் கலந்திருக்கின்றன என்று பிரித்துவிடுவோம். புதியவர் அதைப் பார்த்துவிட்டு மூடிவைத்து, படிகளை நினைவிலிருந்து எழுத வேண்டும், பிறகுதான் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஆதாரம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முன்னால் நின்றனர். காணொளியை மூன்று முறை பார்த்தவர் "புரிந்துவிட்டது" என்று சொல்வது உண்மையாகவே அவருக்குத் தோன்றுவதுதான், எனினும் அடுத்த வாரம் அது அவரிடம் இருக்காது.

அடுத்தது கேள்விக் குறிப்பேடு. புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதத்தில் தமக்கு எழும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு பொது ஆவணத்தில் எழுதுவார், பதில் தெரிந்த எவரும் அதன் கீழே எழுதலாம். தூத்துக்குடியில் சேர்ந்த ஒரு தங்கை பத்தாம் நாள் இப்படி எழுதியிருந்தார்: "அக்கா, ஷிப்பிங் பில் எண்ணை எதற்காக இரண்டு இடத்தில் பதிகிறோம்?" ஷிப்பிங் பில் என்பது ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஆவணம். நான் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. சென்னைக்காரர்களைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில், எப்போதோ எங்களை விட்டுப் போய்விட்ட ஒரு வாடிக்கையாளருக்காகத் தொடங்கிய படிவம் அது என்று தெரியவந்தது. இத்தனை காலமும் யாருக்கும் வேண்டாத ஓர் எண்ணை நாள்தோறும் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். அன்றே அந்தப் படியை நீக்கினோம், கையேட்டில் அந்தத் திருத்தத்தை அவரையே செய்யச் சொன்னேன். புதியவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் குறைகள் உண்டு. அந்தக் கண் மூன்று மாதத்தில் பழகி மங்கிவிடும் என்பதால், அதற்குள் அவர் கேட்பதை எழுத்தில் பிடித்துவைக்க வேண்டும்.

கேட்கத் தயங்குவோருக்கு இன்னொன்று தேவை. வாரத்துக்கு இருமுறை அரை மணி நேரம், வேலை தெரிந்த ஒருவர் எந்தத் தலைப்பும் இல்லாமல் இணைப்பில் காத்திருப்பார். யாரும் வராவிட்டால் தம் வேலையைப் பார்ப்பார். முதல் இரண்டு வாரம் யாரும் வரமாட்டார்கள், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

இணையப் பாடங்களில் சேர்த்துவிட்டாலும் பாதியில் விட்டுவிடுகிறார்களே?

தனியாகச் சேர்பவர் தனியாகவே விடுகிறார். சிங்கப்பூரில் 25 வயதான குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 500 வெள்ளி கற்றல் தொகை கிடைக்கிறது, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் கூடுதலாக 4,000 வெள்ளி வழங்கப்பட்டது. ஆகவே இங்கே பணம் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. இரண்டு மூன்று பேரை ஒரே பாடத்தில் சேருங்கள், வாரம் ஒருமுறை அலுவலக நேரத்திலேயே அவர்கள் பேசிக்கொள்ள இடம் கொடுங்கள், கற்றதில் ஒன்றையாவது குழுவின் வேலையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சக ஊழியருக்கு இந்தத் தொகை கிடைக்காது என்பதையும் நினைவில் கொண்டு, அவருக்கு நிறுவனச் செலவில் வழி செய்வது நியாயம்.

இதையெல்லாம் தமிழில் செய்ய முடியுமா?

முடியும் என்பதோடு, தமிழர்கள் இதில் முன்னோடிகள் என்றும் பெருமையாகவே சொல்லலாம். 1995இல் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் தமிழிலேயே எழுதிக்கொண்டனர். தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் தகுதரம் என்ற டிஸ்கி குறியீட்டை, நாடு விட்டு நாடு இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே வகுத்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகெங்கும் இருந்த தொண்டூழியர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்து இலவசமாக வெளியிட்ட பணியாகும். சிங்கப்பூருக்கும் இதில் சிறப்பிடம் உண்டு. எழுத்தாளரும் தமிழ் இணைய முன்னோடியுமான நா. கோவிந்தசாமி இங்கே வாழ்ந்தவர், 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது, உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் 2000ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டை ஒட்டியே உருவானது. காணொளிக் கூட்டம் என்ற வசதியே இல்லாமல் அவர்கள் இவ்வளவு செய்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

நடைமுறைக்கு வந்தால், சில எச்சரிக்கைகள் உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது, அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றியபிறகே பொதுக் கோப்புறையில் போடுங்கள். யூனிகோடிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் சில மென்பொருள்களில் தேடும்போது ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். ஆகவே கோப்புப் பெயர்களுக்கும் தலைப்புகளுக்கும் குழு முழுவதும் ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்துவது நல்லது.

பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதிகள் தெளிவாகப் பேசிய தமிழை ஓரளவு நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் நாம் பேசுவதுபோல் தமிழும் ஆங்கிலமும் மலாய்ச் சொற்களும் கலந்து வந்தால் பெயர்களிலும் எண்களிலும் தடுமாறுகின்றன. எனவே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கூட்டக் குறிப்பை ஒருவர் படித்துத் திருத்தி, தம் பெயரை இட்ட பிறகே அதைப் பதிவாகக் கொள்கிறோம். அலுவல் ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அது தொழிலின் தேவை. விளக்கமும் பயிற்சியும் தமிழில் இருக்கட்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் தமிழில் விளக்கினால் தூத்துக்குடித் தம்பி எதிர்க்கேள்வி கேட்கிறார், ஆங்கிலத்தில் விளக்கினால் "ஓகே சார்" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்.

பயன்படுத்தும் செயலியை நிறுவனமே மூடிவிட்டால்?

2003இல் தொடங்கி உலகத்தையே இணைத்த ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டது. எந்தக் கருவியும் நிலையானதன்று. ஆகவே தேர்ந்தெடுக்கும்போதே, நம் தகவல்களை வேறிடத்தில் திறக்கக்கூடிய கோப்புகளாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தும் வையுங்கள். கணக்கு ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கக் கூடாது, அவர் வேலையை விட்டுப் போனால் கோப்புகளும் அவரோடு போய்விடும்.

தகவல் பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. தனிநபர் விவரங்களை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அங்கும் இணையான பாதுகாப்பு இருப்பதை நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் கடப்பாடுகளில் ஒன்று. பொது விரிதாளை வேறு நாட்டுச் சக ஊழியருக்குத் திறந்துவிடுவதும் இதற்குள் வரலாம். அடையாள அட்டை எண்ணைச் சட்டத் தேவையின்றித் திரட்டுவதும் 2019 செப்டம்பர் முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது, ஆகவே பயிற்சிப் பட்டியல்களில் அந்தக் கட்டமே வேண்டாம். இந்தியாவிலும் 2023இல் இதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேறியிருக்கிறது.

கூட்டத்தைப் பதிவு செய்யுமுன் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை எல்லாக் கணக்கிலும் இயக்குங்கள். ஒருவர் விலகும் நாளிலேயே அவருடைய அனுமதிகளை நீக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இதை நல்ல மனிதர்களிடம் எப்படிச் செய்வது என்று தயங்குவோர் உண்டு. எல்லாருக்கும் ஒரே வழக்கமாக இருந்தால் யாருக்கும் மனம் நோகாது.

இணைப்பு மெதுவாக இருக்கும் ஊரில் இருப்பவர் என்ன செய்வார்?

அவர் வேகத்துக்கு ஏற்பத்தான் குழுவின் வழக்கத்தை வகுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் தூத்துக்குடிக் குழுவுக்கு மின்சாரமும் இணைப்பும் அடிக்கடி துண்டிக்கப்படும். அதனால் பயிற்சிக் காணொளிகளை முன்பே பதிவிறக்கி வைக்கிறார்கள், கூட்டத்தில் குரல் மட்டும் வைத்துக்கொள்கிறோம், முக்கிய ஆவணங்களை இணைப்பில்லாமலும் திறக்கும்படி அமைத்திருக்கிறோம்.

சிங்கப்பூரில் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்க உரிமை உண்டா?

நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான கோரிக்கைகள் குறித்து அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் வகுத்த வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறையாகக் கோரிக்கை வைக்கலாம், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். கேட்டது கிடைத்தே ஆக வேண்டும் என்று அவை சொல்லவில்லை, முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்கின்றன.

ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலே நம்பிக்கை வளருமா?

ஓரளவு வளரும். எம்ஐடி பேராசிரியர் தாமஸ் ஆலன், ஆய்வுக்கூடங்களில் பணியாற்றுவோர் ஒருவரோடொருவர் எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்பதை அளந்து 1977இல் எழுதினார். மேசைகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூடப் பேச்சு விரைந்து குறைந்தது, 50 மீட்டரைத் தாண்டினால் மிகவும் அருகிப்போனது. நம் கருவிகள் அந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன, முழுக்க அழித்துவிடவில்லை. அதனால் செலவானாலும், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மற்றவர் வேலை செய்யும் இடத்தை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நிறுவனத்திடம் வாதாடி வருகிறேன்.

எங்கள் லண்டன் சக ஊழியர், தூத்துக்குடியிலிருந்து ஆவணம் வரத் தாமதமானால் "ஏன் தாமதம்?" என்று இரண்டு சொல்லில் எழுதுவார். அங்கிருப்பவர்களுக்கு அது சுருக்கென்று குத்தும், அவரோ வெறுமனே காரணம் கேட்பதாகவே நினைத்திருந்தார். ஊருக்கு விடுமுறையில் வந்தபோது அவரைத் தூத்துக்குடிக்கு இரண்டு நாள் அழைத்துப் போனோம். துறைமுக வாயிலுக்கு வெளியே, உச்சி வெயிலில் நிற்கும் லாரி வரிசையின் ஓரமாக, கையில் தாள்களோடு எங்கள் தம்பி ஒவ்வொரு ஓட்டுநராகத் தேடி நடந்ததை அவர் கூடவே நடந்து பார்த்தார். திரும்பிப் போன பிறகு அவர் அனுப்பும் செய்தி மாறிவிட்டது. "தம்பி, இன்று வரிசையில் எத்தனை லாரி?" என்றுதான் இப்போது கேட்கிறார்.